சோழியில் சிக்கிய நிலா – 9: தேவரம்

போன வாரம் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தியைப் புதுச்சேரிக் கோட்டை இடிபாட்டின் மேல், மேகத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு வந்தோம். 1769 ஜூன் 4, விடியற்காலை. வெள்ளி சூரியனைக் கடக்கும் அந்தச் சில மணி நேரத்துக்காக ஒன்பது வருடம் கடலிலும் கரையிலும் கிடந்த மனிதர். மேகம் விலகியதா?

விலகியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு! அதன்பின் நல்ல வெயில். முதலில் தங்கிவிடலாம் என்று அவர் நினைத்திருந்த மணிலாவில் அன்று வானம் துடைத்துவிட்டது போல இருந்ததாம். இரண்டு வாரத்துக்குப் பேனா பிடிக்கவே கை வரவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இந்தச் சோகத்தை இழுத்தால் இன்னும் நாலு வாரம் ஓட்டலாம். பலர் ஓட்டியும் இருக்கிறார்கள். எனக்கோ அவர் வானத்தைப் பார்க்காத நேரங்களில் எதைப் பார்த்தார் என்பதில்தான் ஆசை. அவர் பார்த்தது தரையை. தரையில் கிடந்த சோழிகளை.

புதுச்சேரித் தமிழர்கள் கிரகணம் கணிப்பதை லெ ஜாந்தி உட்கார்ந்து கவனித்தார், பாடமும் கேட்டார். பேனா கிடையாது, காகிதம் கிடையாது. மேசை மேலோ, பெரும்பாலும் வெறுந்தரையிலோ பலகறைகளைப் பரப்பி, நகர்த்தி, அள்ளி, மறுபடி வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். வாய் பாட்டுப் போல எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. சூத்திரம் முழுக்க அந்த முணுமுணுப்பில்தான். நம் முறையைவிட வேகம் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒரு குறையையும் பிடிக்கிறார்: அடுத்த படிக்குப் போகும்போது முந்தைய படி கலைந்துவிடுகிறது. திரும்பிப் போய்ச் சரிபார்க்க வழியில்லை. தப்பினால் முதலிலிருந்துதான். இருந்தும் அவர்கள் தப்புவது அபூர்வம், அந்த நிதானம் ஐரோப்பியருக்கு வராது என்றும் எழுதுகிறார்.

பொய்யில்லை. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடிதான் குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் பெருமையான தோபியாஸ் மேயரின் பட்டியல் 68 விநாடி கூடிப்போனது. இப்படிப்பட்ட எண்களைக் கண்டால் நம்மில் சிலருக்கு மீசை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்த அத்தியாயத்துக்குள்ளேயே இன்னொரு கிரகணம் வருகிறது. அங்கே மீசை இறங்கிவிடும்.

*

மரக்காணம் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். சாலைக்குப் பக்கத்திலேயே உப்பளம், கண்ணெட்டும் தூரம்வரை கட்டங்கட்டமாக. இது நேற்று வந்த தொழிலில்லை. ஊர் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளம் பேசப்படுகிறது.

தை மாதம். மழை விட்டு, அளத்தில் வேலை தொடங்கும் நேரம். ஒரு பாத்திக்குள் எட்டுப் பேர் வரிசையாக நின்று, கையில் கழியை ஊன்றிக்கொண்டு, சேற்றைக் குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மிதி, அரை அடி நகர்வு, மறுபடி மிதி. தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும், இல்லாவிட்டால் மண் கலக்கும். கரையில் ஏறி பீடி பற்றவைத்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கழுவெளிப் பக்கத்துக் கழியில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் ஏறும் என்றார்.

"அமாவாசைக்கு ஏன் ஏறுதுங்க?"

"ஏறும் தம்பி. எங்கப்பா காலத்துலயும் ஏறுச்சு."

"இல்ல, ஏன்னு..."

"ஏன்னு கேட்டுக்கிட்டு உக்காந்தா பாத்திய யாரு மிதிப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. அவரோ பீடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தனக்குள் சொல்லிக்கொள்வது போல, "ஆனா வாடை அடிக்கிற அமாவாசைன்னா கொஞ்சம் சாஸ்தியா ஏறும். அன்னிக்கு மடைய முன்னாடியே அடைச்சுடணும்" என்றார்.

இந்த இரண்டாவது பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப்படாமல் போன ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது.

*

இனி வாரன். ஜான் வாரன் என்பது ஆங்கிலேயர் வாயில் வந்த பெயர், ஆள் பிரெஞ்சுப் பிரபுக் குடும்பம். ஆங்கிலேயர் படையில் சேர்ந்து, லாம்டனின் நில அளவையில் உழைத்து, 1802இல் கோலார்ப் பக்கம் தங்கம் இருப்பதை எழுதிவைத்து, 1805 முதல் சில வருடம் சென்னை வான் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். கடைசியில் புதுச்சேரியில் வந்து தங்கி, 1830இல் அங்கேயே இறந்தார். 1825இல் சென்னையில் அச்சான அவருடைய 'கால சங்கலித' தென்னிந்தியர் நாளையும் மாதத்தையும் ஆண்டையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று சொல்லும் தடிமனான நூல். பொறுமையின் உச்சம். படிக்கவும் அதே பொறுமை வேண்டும்.

அந்த நூலுக்காக அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். பெயரைத் தன் காதில் விழுந்தபடி 'சாமி நாதன் சஷியா' என்று எழுதிவைத்திருக்கிறார். சாமிநாத சேஷய்யாவோ, வேறு என்னவோ. ரோமன் எழுத்துக்குள் போய்த் திரும்பி வந்த தமிழ்ப் பெயருக்கு உத்தரவாதம் கிடையாது. 1825 மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார் வாரன். பஞ்சாங்கக்காரர் சோழிகளைத் தரையில் வைத்தார்.

என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எண் என்றாலே ஓடுகிறவர்கள்கூட இந்த இடத்தில் இருக்கலாம், கழித்தல் தெரிந்தால் போதும்.

நிலா ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குத் தொலைவில் இருக்கும்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பாகையை ஒட்டி நகரும், கிட்டே வரும்போது பதினான்குக்கும் மேல் ஓடும். வேகம் குறைந்து, கூடி, மறுபடி குறைய 27 நாளும் ஒரு அரை நாளுக்குச் சற்று அதிகமும் ஆகும். முழு எண்ணாக வராத இந்தக் காலத்தை வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போடுவது நரகம். ஆனால் அதையே ஒன்பது முறை அடுக்கினால் ஏறக்குறைய சரியாக 248 நாள். பதின்மூன்று நிமிடம்தான் பிசகு. ஆக, 248 நாளுக்கும் நிலா எங்கே இருக்கும் என்று ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டால், 249ஆம் நாள் மறுபடி முதலிலிருந்து பாடலாம். அப்படிப் பாடுவதற்கான 248 சொற்றொடர்கள்தான் வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

எண் எப்படிச் சொல்லாகும்? கடபயாதி என்ற குறியீட்டில் ஒவ்வொரு மெய்க்கும் ஒரு இலக்கம். ல என்றால் 3, வ 4, ண 5. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். லவணம், அதாவது உப்பு, 543. (மரக்காணத்தில் உட்கார்ந்து இதைக் கணக்கிட்டபோது எனக்கு ஏற்பட்ட அற்ப சந்தோஷத்தை மன்னியுங்கள்.) தமிழ் எழுத்தில் ஒரே 'த' நாலு ஒலிக்கு நிற்பதால் ஏட்டில் எழுதினால் குழம்பும். காதால் கேட்டு வாயால் சொல்லிக் கற்றவருக்குக் குழப்பமில்லை. நம் பஞ்சாங்கக்காரர் காதால் கற்றவர்.

248க்கு அவர்கள் வைத்திருந்த சொல் 'தேவரம்'. தே 8, வ 4, ர 2. திருப்பிப் படித்தால் 248. அந்தப் பதின்மூன்று நிமிடப் பிசகு சேர்ந்து சேர்ந்து பெரிதாகிவிடுமே என்று அடுத்த கட்டத்துக்கு ஒன்று: 'கலானிலம்', 3031 நாள். அதில் 110 சுற்று. அதற்கும் மேலே 'ரசகைரிகா', 12372 நாள், 449 சுற்று. கலியுகத் தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் என்று எண்ணி, அதில் 16,00,984 நாளை முதலில் தூக்கிப்போட வேண்டும். அந்த நாள் கி.பி. 1282இல் விழுகிறது, முறை எந்தக் காலத்தில் இறுகியது என்பதற்கு அதுவே சாட்சி. மிச்சத்தில் முடிந்தவரை ரசகைரிகா கழி, பிறகு கலானிலம், பிறகு தேவரம். கடைசியில் ஆயிரம் நாள் மிஞ்சியது என்று வையுங்கள். நாலு தேவரம் போனால் எட்டு. எட்டாவது வாக்கியத்தைச் சொல். முதலில் தூக்கிப்போட்ட நாளுக்கும், கழித்த ரசகைரிகா, கலானிலத்துக்கும் உரிய பாகைகளோடு, ஒவ்வொரு தேவரத்துக்கும் 27 பாகை 44 கலை கூட்டிக்கொள். நிலா கிடைத்துவிட்டது.

ஸைன் பட்டியல் வேண்டாம், வட்டத்துக்குள் வட்டம் வேண்டாம். கூட்டல், கழித்தல், ஞாபகம். கையில் சோழி.

சாமிநாதர் சோழியை அள்ளி முடித்தார். கிரகணம் தொடங்கும் நேரம், நடு, முடிவு மூன்றும் வந்தன. உண்மையான நேரத்தோடு ஒப்பிட்டால்?

தொடக்கம் 4 நிமிடப் பிசகு. பிரமாதம். நடு, 23 நிமிடம். முடிவு, 52 நிமிடம்.

*

வாரனை அந்த 52 நிமிடம் உறுத்தவில்லை. அவர் எழுதிவைத்த தீர்ப்பு வேறு: இந்த மனிதருக்கு இந்து வானியலின் கொள்கைகளில் ஒரு சொல்கூடப் புரியாது, ஆனால் அபார ஞாபகசக்தி, அதை வைத்துக்கொண்டு மனத்திலும் தரையிலும் கணக்கைத் தெளிவாக அடுக்கிவிடுகிறார் என்று.

இயற்பியலின் தத்துவம், கணிதத்தின் தத்துவம் என்று இன்று பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இந்தத் தீர்ப்புக்குள் முழுசாக இருக்கிறது. கணக்கு சரியாக வருவது ஒன்று, அது எதைப் பற்றியது என்று தெரிவது வேறொன்றா? 1980இல் ஜான் ஸெர்ல் ஒரு கற்பனை செய்தார். சீனம் தெரியாத ஒருவர் பூட்டிய அறைக்குள் இருக்கிறார். விதிப்புத்தகத்தைப் பார்த்து, வரும் சீன எழுத்துக்குப் பதில் எழுத்தை அடுக்கி வெளியே தள்ளுகிறார். வெளியே இருப்பவர்கள் உள்ளே சீனப் பண்டிதர் இருப்பதாக நம்புகிறார்கள். அவருக்குச் சீனம் புரியுமா? இந்த அறையை வாரன் 155 வருடம் முன்பே புதுச்சேரியில் கட்டிவிட்டார். புத்தகத்துக்குப் பதில் ஞாபகம், எழுத்துக்குப் பதில் சோழி.

ஆனால் இந்த அறைக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வேடிக்கை. 1543இல் கோபர்னிகஸ் நூலுக்குப் பெயர் போடாமல் முன்னுரை எழுதிய ஓசியாண்டர், இவை உண்மையாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு ஒத்துவந்தால் போதும் என்றுதான் சொன்னார். குவாண்டம் இயற்பியலில் பெரும்பாலோரின் மனப்போக்கை டேவிட் மெர்மின் 1989இல் கிண்டலாக ஒரே வரியில் சொன்னார்: வாயை மூடு, கணக்கைப் போடு. அலைச் சார்பு என்பது உலகில் இருக்கும் பொருளா, நம் கைக்கணக்கா என்பது இன்னும் தீரவில்லை. அதைக் கேட்காமலே டிரான்சிஸ்டர் செய்தார்கள், லேசர் செய்தார்கள். அவர்களைப் பார்த்து எந்தக் கர்னல் வாரனும் 'ஒரு சொல்கூடப் புரியாது' என்று எழுதிவைக்கவில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபுவை இந்த இடத்தில் துணைக்கு அழைக்கிறேன். திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து, 2022இல் நூலாகவும் கொண்டுவந்தவர். முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. அங்கே தொடங்கிப் பையன்கள் கூட்டமாகக் கத்திக் கற்றதை வெறும் உருப்போடல் என்று காலனி அதிகாரிகள் ஒதுக்கினார்கள். செந்தில் பாபு சொல்வது, அங்கே ஞாபகம் என்பது அறிவைப் பூட்டிவைக்கும் பெட்டி மட்டுமில்லை, கணிதம் கற்கும் வழியே அதுதான் என்று. எந்தப் பின்னத்தை எதோடு சேர்த்தால் எது வரும் என்பதை நாக்கும் விரலும் அறிந்திருந்தன. களத்தில் நெல் அளக்கிறவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

எனக்கு இதில் பாதி சம்மதம், பாதி தயக்கம். தயக்கம் அந்த 52 நிமிடத்தால். உப்பளத்துப் பெரியவரை நினையுங்கள். ஏன் ஏறுகிறது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் விதி எங்கே வளையும் என்று தெரியும்: வாடை அடித்தால் கூடும், மடையை அடை. நம் பஞ்சாங்கக்காரருக்கு அப்படி ஏதாவது தெரிந்திருந்ததா? கிரகணத்தின் முடிவு நேரம் இந்த முறையில் தள்ளிப்போகும் என்று கண்டு, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்கிற கைப்பழக்கம் இருந்ததா? வாரன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். அவர் கொள்கை தெரியுமா என்று பார்த்தார். தெரியவில்லை என்றதும் கோப்பை மூடிவிட்டார். பிழை வந்தால் என்ன செய்வீர் ஐயா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், இன்று எத்தனையோ ஆய்வேடுகளின் முடிவுரை மாறியிருக்கும்.

வாக்கியம் வளைய மறுத்த கதையை இப்போதும் பார்க்கலாம். நவீனக் கணக்கோடு திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குள் போனது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. திருநள்ளாற்றில் கூட்டம் அலைமோதியது டிசம்பரில். நடுவிலே பதினொரு மாதம். சனி எங்கே இருந்தார் என்று கேட்டால் வான் இயற்பியலாளர் ஒன்று சொல்வார், நளதீர்த்தத்தில் முங்கி எழுந்தவர் வேறு சொல்வார்.

*

வாரனின் தடித்த நூல் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பெரும்பாலும் தூசியில் கிடந்தது. அதைத் தட்டி எடுத்தவர் பஞ்சாங்கம் பார்க்கிறவர் இல்லை. ஆட்டோ நியூகெபவர், 1899இல் இன்ஸ்ப்ருக்கில் பிறந்து, நாஜிகளின் ஜெர்மனியில் இருக்க முடியாமல் வெளியேறி, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து பழைய வானியல் கணக்குகளைப் படித்தவர். 1952இல் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு அந்த 52 நிமிடம் பெரிய விஷயமில்லை. 1825இல் ஒரு மனிதர் தரையில் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதே அவரை உலுக்கியது.

காரணம் இருக்கிறது. 248 என்ற எண்ணை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். 3031ஐயும்.

மான்செஸ்டர் நகரத்து ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் எகிப்திலிருந்து போன பாப்பிரஸ் துண்டு ஒன்று இருக்கிறது. அவர்கள் கொடுத்திருக்கும் எண் 27. கிரேக்க எழுத்து, கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. நிலா எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி அதில் எழுதியிருக்கிறது. 248 நாளாகப் போ, அதற்கு மேல் 3031 நாளாகப் போ. தேவரம், கலானிலம். பெயர் மட்டும் இல்லை.

எகிப்து மணலுக்கும் புதுச்சேரித் தரைக்கும் நடுவே கடல். அந்தக் கடலில் யார் வந்தார்கள் என்று நமக்குத் தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்துப் பக்கத்துக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' நம் கரையில் மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறது: கமரா, பொடுகே, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம். பொடுகே அரிக்கமேட்டுப் பக்கம். சோபட்மா?

மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சங்கப் பாட்டின் எயிற்பட்டினமும் இதுவே என்பார்கள்.

பெரியவர் மறுபடி பாத்திக்குள் இறங்கிவிட்டார். நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். கிழக்கே கடல் இரைந்துகொண்டிருந்தது. மிளகும் மதுவும் மாறிய கப்பலில் ஒரு எண்ணும் ஏறி இறங்கியிருக்கலாம், கூலி இல்லாத சரக்கு. இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று நம் ஆட்களும் அவர்கள் ஆட்களும் சண்டை பிடிக்கத் தோதான இடம். நானும் மனசுக்குள் கட்சி சேர்ந்துவிட்டேன்.

ஆனால் நியூகெபவரின் மேசையில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. பாப்பிரஸ் இல்லை, ஓலை இல்லை. உள்ளங்கையில் பிடிக்கலாம் போன்ற சுட்ட மண். ஆப்பு ஆப்பாகக் குத்திய எழுத்து. பெரிப்ளூஸ் மாலுமியின் பாட்டன் பிறப்பதற்கும் முந்தியது.

அதிலும் 248.

(தொடரும்)